மண்ணச்சநல்லூர் பட்டறையில் ஸ்போர்ட்ஸ் காருக்கு சேசிஸ் வெல்டிங்: கை ரெடி, சட்டம் ரெடியா?

மண்ணச்சநல்லூர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பொன்னி அரிசி. திருச்சி - துறையூர் சாலையில் போகிறவர்களுக்கு ரைஸ் மில் புகைபோக்கிகள்தான் ஊரின் அடையாளம். ஆனால் அந்த மில்களோடு சேர்ந்து வளர்ந்த இன்னொரு தொழிலைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வெல்டிங் பட்டறை. நெல் ஊறும் தொட்டி ஓட்டை விழுந்தாலும், எலிவேட்டர் கால் உடைந்தாலும், டிராக்டர் டிரெய்லரின் கொக்கி கழன்றாலும் அங்கேதான் போகணும்.

இப்போது ஒரு கேள்வி. அப்படி ஒரு பட்டறைக்கு, டிரெய்லருக்குப் பதிலாக 25, 30 வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தால்? "அண்ணே, வண்டி வளைவுல ரொம்ப முறுக்குது, அடியில ஸ்டிஃப்னர் வெச்சு வெல்டு அடிக்கணும்" என்று உரிமையாளர் கேட்டால்?

செய்ய முடியுமா என்றால், முடியும். சரியாகச் செய்தால் வண்டி பாதுகாப்பாகவும் ஆகும். ஆனால் அந்த வேலை சரியாக நடந்ததா என்று பார்த்துச் சொல்ல நம் நாட்டில் ஒரு அலுவலகம் கிடையாது. பிரச்னை பட்டறையில் இல்லை, அந்தக் காலியிடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சேசிஸ் ஏன் முறுக்குகிறது?

ஒரு ஸ்வீட் பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியோடு இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அசையாது. மூடியைக் கழற்றிவிட்டு முறுக்குங்கள். நாலு மூலையும் நாலு திசைக்குப் போகும். கூரை உள்ள காருக்கும், கூரை இல்லாத ஸ்போர்ட்ஸ் காருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

காரின் இடது முன்சக்கரம் வேகத்தடையில் ஏறும்போது வலது பின்சக்கரம் பள்ளத்தில் இருக்கலாம். அப்போது வண்டியின் உடம்பு முழுக்க ஒரு முறுக்கு விசை ஓடும். உடம்பு விறைப்பாக இருந்தால் அந்த வேலையை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பார்த்துக்கொள்ளும். உடம்பு தளர்வாக இருந்தால் உடம்பே இன்னொரு ஸ்பிரிங் மாதிரி ஆடும். அந்த ஸ்பிரிங்குக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. விளைவு: ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது, கதவு கிறீச்சிடும், முன்கண்ணாடியில் மூலையில் கீறல் விழும், சக்கரத்தின் கோணம் ஓட ஓட மாறும்.

இதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் முறுக்கு விறைப்பு. வண்டியை ஒரு டிகிரி முறுக்க எத்தனை நியூட்டன் மீட்டர் விசை தேவை என்பதே அளவு.

இங்கே ஒரு கணக்கு சொல்கிறேன், கொஞ்சம் ஆச்சரியமாகவே இருக்கும். 50 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு இரும்புக் குழாய். அதே குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கோடு போல அறுத்துவிடுங்கள். இரும்பு அளவு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. ஆனால் முறுக்கைத் தாங்கும் விறைப்பு 400 மடங்குக்கு மேல் குறைந்துவிடும். நம்பிக்கை இல்லையென்றால் வீட்டில் கிடக்கும் பிவிசி பைப்பில் ஒரு கோடு அறுத்து முறுக்கிப் பாருங்கள்.

பழைய காரில் துரு செய்வதும் இதையேதான். கதவுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் பெட்டிப் பகுதி ஒரு மூடிய குழாய். அதன் அடியில் துரு ஒரு கோடு தின்றால் போதும், மூடிய குழாய் திறந்த குழாய் ஆகிவிடும். வெளியே பெயின்ட் பளபளப்பாகத்தான் இருக்கும். உள்ளே முதுகெலும்பு போயிருக்கும்.

இது நமக்குப் புது விஷயமா?

இல்லவே இல்லை. தமிழ்நாட்டு கார் வரலாற்றில் சேசிஸ் கதை நிறைய உண்டு.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் பலருக்கும் நினைவிருக்கும். தாத்தா காலத்து ஆல்பத்தில் எங்காவது ஒன்று நிற்கும். பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. தனி சேசிஸ், அதன் மேல் போல்ட் போட்டு மாட்டிய பாடி. பிரிட்டனில் இதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, பக்கவாட்டுச் சட்டங்களை நீக்கி, 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். பக்கவாட்டுச் சட்டம் போனதால் அந்த பாரத்தை யார் சுமப்பது? கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டிப் பகுதிதான். ஸ்பிட்ஃபயரில் அந்தப் பகுதி துருப்பிடித்தால் காரின் பலமே போச்சு என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

1998-ல் வந்த சான் ஸ்டார்மை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் தயாரான இரண்டு சீட் திறந்த கார். 1,149 சிசி ரெனோ எஞ்சின், ஃபைபர் கிளாஸ் பாடி. ஃபைபர் பாடிக்குத் துரு பிடிக்காது. ஆனால் அடியில் இருக்கும் இரும்புக்குப் பிடிக்கும். பாடி அழகாக இருப்பதாலேயே அடியில் என்ன நடக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்காமல் விட்டுவிடும் ஆபத்தும் அதிகம்.

கோயம்புத்தூரின் எஸ்.கரிவரதன் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. மாருதி 800 எஞ்சினை வைத்து, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த சட்டத்தில், 1980-களின் இறுதியில் ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களை உருவாக்கியவர் அவர். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் தொடக்கக் காலத்தில் ஓட்டியது அந்த வகைக் கார்தான். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக்குக்கு கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பெயர் வந்ததும் அவரால்தான். ஆக, ஒரு குழாயை எந்த முக்கோணத்தில் வைத்து வெல்டு அடித்தால் வண்டி நிற்கும் என்பது நம்மூர்க்காரர்களுக்கு 35 வருடத்துக்கு முன்பே தெரியும்.

ஸ்டிஃப்னர் என்றால் என்னென்ன?

எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம். குறைந்தது நான்கு வகை இருக்கிறது.

ஒன்று, போல்ட் போட்டு மாட்டும் குறுக்குக் கம்பிகள். முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டின் தலையையும் இணைக்கும் கம்பி இந்த வகை. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். வெல்டிங் தேவையில்லை.

இரண்டு, தளத்துக்கு அடியில் ஓடும் நீளச் சட்டங்களின் மேல் இன்னொரு சட்டத்தை உறை போல மாட்டி வெல்டு அடிப்பது. ஜாக்கி போட்டுப் போட்டு நசுங்கிப்போன சட்டங்களுக்கு இது பழைய திறந்த கார்களில் வழக்கமான வைத்தியம்.

மூன்று, கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதிக்குள் ஒரு தகடு சேர்த்து அதைப் பலப்படுத்துவது. கூரை இல்லாத வண்டிக்கு அதிகப் பலன் தருவது இதுதான். தவறாகச் செய்தால் அதிக ஆபத்தும் இதில்தான்.

நான்கு, கம்பெனியில் புள்ளி புள்ளியாக ஸ்பாட் வெல்டு செய்த இடங்களுக்கு இடையே சின்னச் சின்னத் தையல் போல வெல்டு சேர்ப்பது, ரோல் கேஜ் எனும் குழாய்க் கூண்டு கட்டுவது. இவை ரேஸ் டிராக்குக்கான வேலை. சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு இதற்குக் கறாரான அளவு வைத்திருக்கிறது. முதன்மைக் குழாய் தையல் இல்லாத கார்பன் ஸ்டீலாக இருக்கணும், 45 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 2.5 மில்லிமீட்டர் கனம் அல்லது 50 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 2 மில்லிமீட்டர் கனம். கதவு கிரில்லுக்கு வாங்கிய பைப் மிச்சம் இருக்கு என்று அதைப் போட முடியாது. இன்னொன்று, ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டும் வண்டிக்குள் அந்தக் குழாய் உங்கள் தலைக்கே எதிரியாகும்.

வெல்டிங் எங்கே சொதப்பும்?

மண்ணச்சநல்லூர் பட்டறையில் தினமும் நடப்பது ஆர்க் வெல்டிங். கனமான ஆங்கிள், சி-சேனல், எம்.எஸ். பிளேட்டுக்கு அது அருமை. ஆனால் பழைய காரின் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் சுற்றளவில்தான் இருக்கும். டிரெய்லருக்கு வைக்கும் அதே கரண்டை அதில் வைத்தால் ஓட்டை விழும். ஓட்டையை அடைக்க மேலும் மேலும் வெல்டு குவிப்பார்கள். பார்க்கத் தடிமனாக இருக்கும், பக்கத்துத் தகடு அப்பளம் போல் நொறுங்கும். இந்த வேலைக்கு மெல்லிய கம்பி ஓடும் சி.ஓ.டூ வெல்டிங் வேணும், அல்லது பொறுமையான கைக்கு ஆர்கான் வெல்டிங்.

அடுத்தது சூடு. வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இழுக்கும். ஒரே மூச்சில் ஒரு மீட்டர் நீளத்துக்கு இழுத்துக்கொண்டே போனால் சட்டம் வில்லாக வளையும். இங்கே ஒரு இன்ச், எதிர்ப்பக்கம் ஒரு இன்ச், நடுவில் ஒரு இன்ச் என்று மாற்றி மாற்றிப் போகணும். ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளுக்குக் காசு கொடுக்க நாம் தயாரா என்பதும் கேள்விதான்.

மூன்றாவது, வண்டி நிற்கும் நிலை. திறந்த காரை நடுவில் ஜாக்கி போட்டுத் தூக்கினால் இரண்டு முனையும் தொங்கும். தொங்கிய நிலையிலேயே வெல்டு அடித்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். பிறகு கதவு மூடவே மூடாது. அதனால் துரு பிடித்த பகுதியை வெட்டும் முன்பே கதவு வாசலின் குறுக்கே ஒரு தற்காலிகக் கம்பியை வைத்துப் பூட்டணும். வேலைக்கு முன்னும் பின்னும் கதவு இடைவெளியை அளந்து எழுதி வைக்கணும்.

நான்காவது, ஸ்டிஃப்னர் முடியும் இடம். ஒரு இடத்தை விறைப்பாக்கினால் அங்கே வளையாது. சரி, அந்த விசை எங்கே போகும்? தகடு முடிகிற விளிம்புக்குப் போகும். நேராக வெட்டிய தகட்டைக் குறுக்காக வெல்டு அடித்து நிறுத்தினால், ஆறு மாதத்தில் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். முனையைச் சாய்வாகக் குறுக்கி, மெல்ல மெல்லக் கரையவிடணும். லாரி சேசிஸில் பிளேட் வைக்கும் அனுபவஸ்தர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அதே லாரி அனுபவம் ஒரு இடத்தில் ஏமாற்றும். லாரியின் சேசிஸ் ஓரளவு முறுக்கவே விடப்படுகிறது. மேடு பள்ளத்தில் கயிற்றுக் கட்டிலின் நாலு காலும் தரையில் படுவது போல, லாரியின் சக்கரங்களும் படணும் என்பதற்காக. ஸ்போர்ட்ஸ் காரில் கணக்கு தலைகீழ். "இவ்ளோ வெச்சா போதும்ணே" என்ற கண்ணளவு ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு அப்படியே மாறாது.

ஐந்தாவது, தொடக் கூடாத இடம். முன்பக்கச் சட்டங்கள் மோதலில் நசுங்குவதற்காகவே வடிவமைக்கப்படுபவை. மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரெனியின் இந்த யோசனை 1959-ல் உற்பத்திக் காருக்கு வந்தது. அங்கே தகடு வைத்துப் பலப்படுத்தினால் வண்டி நசுங்காது, உள்ளே இருப்பவர் நசுங்குவார். அதேபோல 1996-ல் வந்த லோட்டஸ் எலிஸ் மாதிரியான கார்களில் அலுமினியச் சட்டங்களைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அங்கே வெல்டிங் சூடு பட்டால் பசையே செத்துவிடும். எல்லாப் பழைய ஸ்போர்ட்ஸ் காரும் இரும்பு இல்லை.

பேட்டரியைக் கழற்றுவது, பெட்ரோல் டேங்கை இறக்குவது, எர்த் கிளாம்பை வெல்டு அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுவது, முடிந்தபின் உட்புறம் மெழுகு அடித்துத் துருவைத் தடுப்பது... இவை கட்டாயம். காலி டேங்க்தானே என்று விடாதீர்கள். மிச்சமிருக்கும் ஆவி, பெட்ரோலைவிட மோசம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. இதுதான் சாரம்.

கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மத்திய மோட்டார் வாகன விதிகளுக்கு உட்பட்டிருந்தால் வண்டியின் கட்டமைப்பில் மாற்றம் செய்யலாம் என்று இடம் கொடுத்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தயாரிப்பாளரின் மூல விவரத்துக்கு முரணாக மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

50 வயது தாண்டிய வண்டி என்றால் 2021-ல் வந்த விண்டேஜ் விதிகள் உண்டு. தனிப் பதிவு, 'விஏ' என்ற எழுத்தோடு நம்பர் பிளேட், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நிபந்தனை: சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. தினமும் ஓட்டவும் முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு மாதிரியான தேவைகளுக்கு மட்டும்தான்.

இப்போது நம் கேள்விக்கு வாங்க. துரு தின்ற பகுதியை வெட்டி, அதே வடிவத்தில் புதுத் தகடு வைப்பது பழுதுபார்ப்பு. அதில் பதிவுச் சான்றிதழின் எந்த வரியும் மாறவில்லை. கூரையை அறுப்பதும், சக்கர இடைவெளியை மாற்றுவதும் மாற்றம். இதிலும் சந்தேகமில்லை. ஆனால் அடியில் கூடுதலாக ஐந்து கிலோ தகடு வைத்தால்? பாடி வகை மாறவில்லை, சீட் மாறவில்லை, எடை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கு. இதைப் பழுது என்றும் வாசிக்கலாம், மாற்றம் என்றும் வாசிக்கலாம். 15 ஆண்டு முடிந்து எஃப்.சி.க்குப் போகும்போது எதிரே இருக்கும் அதிகாரி எப்படி வாசிக்கிறார் என்பதைப் பொறுத்தது. விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் எப்படி வாசிக்கிறது என்பதையும் பொறுத்தது.

வெளிநாட்டில் எப்படி?

ஜெர்மனியில் இப்படி ஒரு மாற்றம் செய்தால், அங்கீகாரம் பெற்ற ஆய்வுப் பொறியாளரிடம் வண்டியைக் கொண்டுபோகணும். அவர் பார்ப்பார், ஒத்துக்கொண்டால் வண்டியின் ஆவணத்தில் அது பதிவாகும். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவார். பிரிட்டனில் தனி வாகனத்துக்கான ஒப்புதல் சோதனை இருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில், பாரம் தாங்கும் இடத்தில் ஒட்டுத் தகடு வைத்திருந்தால் வெல்டு விளிம்பு முழுக்கத் தொடர்ச்சியாக இருக்கா என்று பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவில் சிறு வாகன மாற்றங்களுக்கென்றே தனி நடைமுறைத் தொகுப்பு உண்டு.

மூன்று நாடுகளிலும் கட்டுப்பாடு கடுமைதான். ஆனால் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது.

என் கருத்து: பாய்லருக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லுக்கே திரும்பிப் போவோம். நெல் புழுக்க நீராவி வேணும், நீராவிக்கு பாய்லர் வேணும். அந்த பாய்லரில் அழுத்தம் தாங்கும் பாகத்தை யார் வேண்டுமானாலும் வெல்டு செய்துவிட முடியாது. இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகள் 1950-ன் கீழ் தேர்வு எழுதி... இல்லை, தேர்வு 'பற்றவைத்து', சோதனைத் துண்டு தேறி, சான்றிதழ் வாங்கிய வெல்டர்தான் தொடணும். சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கணும். வேலையைப் பார்க்க அரசின் பாய்லர் ஆய்வாளர் வருவார். பாய்லர் வெடித்தால் உயிர் போகும் என்பது எல்லாருக்கும் புரிந்ததால் இந்த ஏற்பாடு.

அதே சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் வண்டியின் முதுகெலும்பை வெல்டு செய்ய? எந்தச் சான்றிதழும் வேண்டாம். யாரும் பார்க்க மாட்டார்கள். சட்டம் 'செய்யாதே' என்று மட்டும் சொல்கிறது. செய்யாமலா இருக்கிறார்கள்? செய்கிறார்கள். மேலே கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்து மறைக்கிறார்கள். தடை என்பது வேலையை நிறுத்தவில்லை, வேலையை மறைத்திருக்கிறது. மறைந்த வெல்டில் விரிசல் விட்டால் அடுத்து அந்த வண்டியை வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது.

இதில் வேதனை என்னவென்றால், வெல்டிங்கைச் சோதிக்க நாட்டிலேயே தோதான ஊர் திருச்சிதான். 1965-லிருந்து பெல் ஆலை இங்கே பாய்லர் செய்கிறது. அதன் வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பொன்மலை ரயில்வே பணிமனை ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினையே புதிதாகக் கட்டிக் கொடுத்திருக்கிறது. துவாக்குடி பக்கம் என்.ஐ.டி. இருக்கிறது. சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன் யூனிட்களில் வெல்டின் மேல் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, விரிசல் இருக்கா என்று பார்ப்பது அன்றாட வேலை. அறிவு, கருவி, கை மூன்றும் 30 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கு. இவற்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தோடு இணைக்க ஒரு படிவம்தான் இல்லை.

எதிர்வாதமும் நியாயமானதுதான்

"வாசலைத் திறந்துவிட்டால் எல்லாரும் நுழைவார்கள்" என்பது முதல் வாதம். உண்மை. சேசிஸை நீட்டி அதிக பாரம் ஏற்றுபவர்களும், வேனில் கூடுதல் சீட் வெல்டு செய்பவர்களும் இருக்கும் நாடு இது. உச்ச நீதிமன்றத்தின் கண்டிப்பை நான் குறை சொல்ல மாட்டேன்.

"ஊருக்கு நாலு பேர் வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்காக விதி மாற்றணுமா?" என்பது இரண்டாவது. நல்ல கேள்வி. ஆனால் இந்தக் காலியிடத்தில் மாட்டிக்கொள்வது ஸ்போர்ட்ஸ் கார் மட்டுமில்லை. அடித்தளம் துருப்பிடித்த பழைய ஆம்னி, சட்டம் விரிசல் விட்ட லோடு ஆட்டோ, 18 வருட மாருதி 800 எல்லாமே இதே பட்டறைக்குத்தான் வருகின்றன. ஸ்போர்ட்ஸ் காரின் உரிமையாளர் வெளிநாட்டு வீடியோ பார்த்து, அளவு எடுத்து, ஆர்கான் வெல்டரைத் தேடிப் போவார். காய்கறி ஏற்றும் ஆம்னிக்காரர் "நாளைக்குக் காலையில வண்டி வேணும்ணே" என்பார். யாருக்குப் பரிசோதனை அதிகம் தேவை?

தவிர, இப்படி ஒரு வழியை நாம் ஏற்கெனவே திறந்திருக்கிறோம். கரூரில் கட்டும் பஸ் பாடிக்குத் தனித் தரவிதி இருக்கிறது. பெட்ரோல் காருக்கு சி.என்.ஜி. கிட் போட, ஏன், எஞ்சினையே எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் கிட் மாட்டக்கூட விதி இருக்கிறது. அங்கீகரித்த கிட், அங்கீகரித்த மையம், பிறகு பதிவுச் சான்றிதழில் பதிவு. எரிபொருளையே மாற்ற வழி இருக்கும் நாட்டில், துருப்பிடித்த சட்டத்தைச் சரியாகப் பலப்படுத்த வழி இல்லை என்பது விநோதம்.

என்ன செய்யலாம்?

அரசு செய்யக்கூடியது மூன்று. முதலில், 'கட்டமைப்புப் பழுது' எது, 'மாற்றம்' எது என்று விதியில் தெளிவாகப் பிரித்து எழுதணும். இரண்டாவது, பாய்லருக்கு இருப்பது போல வாகனக் கட்டமைப்பு வெல்டருக்கும் ஒரு சான்றிதழ். ஐ.டி.ஐ. முடித்து பட்டறை வைத்திருக்கும் இளைஞருக்கு அது சம்பாத்தியத்தையும் கூட்டும். மூன்றாவது, மாவட்டத்துக்கு ஒரு பொறியியல் கல்லூரியோ சோதனை மையமோ, கட்டணம் வாங்கிக்கொண்டு, வண்டியைப் பார்த்து 'சரி' அல்லது 'சரியில்லை' என்று கையெழுத்துப் போட அனுமதி. திருச்சியில் முன்னோட்டமாகத் தொடங்கினால் முதல் நாளே ஆள் இருப்பார்கள்.

அதுவரை, வண்டி வைத்திருப்பவர்களுக்கு: முதலில் துருவைச் சரிசெய்யுங்கள், பாதிப் பிரச்னை அதிலேயே தீரும். டயர், புஷ், ஷாக் அப்சார்பர் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பல நேரம் 'சேசிஸ் முறுக்குது' என்று நினைப்பது தேய்ந்த ரப்பர் புஷ்தான். அதன் பிறகும் தேவைப்பட்டால் போல்ட் போட்டு மாட்டும் வகையைப் பாருங்கள். சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டர்கூடப் படக் கூடாது. வெல்டிங் என்று முடிவு செய்யும் முன், உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பதில் 'கூடாது' என்று வந்தால் கூடாது. பழுதுபார்ப்பு என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது அந்த போட்டோக்களையும் சேர்த்துக் கொடுங்கள், வாங்குபவருக்கு அது தெரிய வேண்டிய விஷயம்.

பட்டறைக்காரர்களுக்கும் ஒன்று: "இது நம்மால ஆகாது, துவாக்குடி பக்கம் ஆர்கான் ஆள் இருக்காங்க, அங்க போங்க" என்று சொல்வது தோல்வி இல்லை. நல்ல டாக்டர்கள் செய்வதும் அதுதான்.

வெல்டிங் சரியாக இருந்தால் இரண்டு இரும்பு ஒன்றாகிவிடும், எங்கே சேர்ந்தது என்றே தெரியாது. மண்ணச்சநல்லூர் பட்டறையையும் ஸ்ரீரங்கம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தையும் அப்படிச் சேர்க்கும் ஒரு விதிதான் இப்போது தேவை. கண்ணை மூடிக்கொண்டு தடை போடுவதைவிட, குனிந்து அடியில் பார்ப்பது பாதுகாப்பானது.